நான் வெல்டு வைத்த முக்காலி

உளுந்தூர்பேட்டை சாலையில் புதிதாகத் திறந்திருந்த அந்தப் பழைய சாமான் கடையில், மர ஏணியைச் சாய்த்துச் செய்த புத்தக அலமாரிக்கும் தார் டிரம்மை இரண்டாக அறுத்துச் செய்த சோபாவுக்கும் நடுவில் அந்த முக்காலி நின்றிருந்தது. உட்காரும் இடம், மோட்டார் பெல்ட் ஓடும் ஒரு பழைய புல்லிச் சக்கரம். கால்கள் முக்கால் அங்குலக் குழாய். ஒரு காலின் அடியில் இரும்பு வளையம். கால்கள் சேரும் இடத்தில் வெல்டு கட்டிகட்டியாகப் புடைத்திருந்தது. என் கையெழுத்தை நானே பார்ப்பதுபோல் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் கச்சிராயபாளையம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் ஃபிட்டராக இருந்தபோது நான் செய்தது அது. மகள் வீட்டுக்குச் சாப்பாட்டு மேசை பார்க்கத்தான் போயிருந்தேன். மேசை மறந்துபோயிற்று.

அதைச் செய்யச் சொன்னவர் ஆலையின் சூப்பர்வைசர். அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தையாவது சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் அகப்படவில்லை. இயந்திரம் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. பெல்ட் அறுந்தால் நாங்கள் மாட்டி முடிக்கும்வரை காணாமல் போய்விட்டு, ஓட ஆரம்பித்ததும் வந்து தட்டிக்கொடுப்பார். முதலாளியின் கார் சத்தம் கேட்டால் முக்காலியிலிருந்து துள்ளி எழுந்து, அதில் யாருமே உட்காராததுபோல் கைக்குட்டையால் துடைத்துவிடுவார். அவர் எதிரே நீண்ட இரும்பு மேசையின் இரு பக்கமும் பதினான்கு பெண்கள் நின்றபடி அரிசியில் கல்லும் கறுப்பும் பொறுக்குவார்கள். காலை எட்டு மணியிலிருந்து மாலை சங்கு ஊதும்வரை நிற்க வேண்டும். “குந்திக்கினு பொறுக்குனா தூக்கந்தான் வரும். நின்னாத்தான் கண்ணு வேலை செய்யும்” என்பார். சொல்லிவிட்டு, ஒரு காலை மடக்கி உட்கார்ந்தபடி அவர் தூங்குவார்.

அந்தப் பதினான்கு பேரில் என் அக்காவும் ஒருத்தி. அப்போது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. ஒருநாள் அவர் டீக்கடைக்குப் போயிருந்த நேரத்தில் அக்கா அந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மோட்டார் அறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றியிருந்தாள்; வீங்கிய பாதத்தில் செருப்பு வார் பள்ளம் போட்டிருந்தது. அவர் திரும்பி வந்தார். கத்தக்கூட இல்லை. அவள் முன்னால் குனிந்து, “சொகமா இருக்குதா மகாராணிக்கு? களத்துல காத்து ஜாஸ்தி. போயி அங்க நில்லு” என்றார். நெல் காயப்போடும் சிமெண்டுக் களம், உச்சி வெயில், வெறுங்கால். போகும்போது அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். நான் தலையைக் குனிந்து, ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு நட்டை மறுபடி முறுக்கினேன். அரை மணி நேரத்தில் அவள் மயங்கி விழுந்தாள். பெண்கள்தான் தூக்கிப்போனார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா அதன்பிறகு ஆலைப்பக்கம் வரவில்லை.

மறுநாள் காலை சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். “உங்கக்கா குந்துனா. நாளைக்கு இன்னொருத்தி குந்துவா. இதோட காலுல ஒரு வளையம் வையி, தூணோட சங்கிலி போட்டுப் பூட்டிடறேன்.” வைத்தேன். அந்த முக்காலியிலேயே சுத்தமாக விழுந்த வெல்டு அந்த வளையத்துடையதுதான். எதற்கு அவ்வளவு கவனமாகச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு, கஜானாவைக் காப்பவர் மாதிரி டீ குடிக்கப் போனார். அன்று மாலையே செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. “நீயாடா அந்த வளையத்த வச்ச?” என்று அக்கா கேட்டாள். “சொன்னாரு, செஞ்சேன்” என்றேன். அவ்வளவுதான். அவள் அந்தப் பேச்சைப் பிறகு எடுத்ததே இல்லை. சூப்பர்வைசரை இகழும்போதெல்லாம் அந்த இகழ்ச்சியில் பாதி எனக்கு வந்து சேர்வது அதனால்தான்.

நான் முக்காலியையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு கடைக்காரர் வந்தார். முப்பது வயதிருக்கும். “நல்ல பீஸுங்க. அந்தக் காலத்துல மில்லுல வேலை செஞ்சவங்க இதுல குந்திக்கினுதான் வேலை பாத்தாங்க. இந்த வளையம் பை மாட்டறதுக்கு” என்றார். பொறுக்கமுடியாமல் நடந்ததையெல்லாம் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. “செம ஸ்டோரிங்க! ஒரு அட்டையில எழுதி இதுமேலயே மாட்டிடறேன். உங்கக்காவோட பழைய போட்டோ ஏதாவது இருக்குங்களா?” என்றார். சூப்பர்வைசர் அக்காவை நிற்க வைத்ததோடு விட்டார். இவர் மாட்டி வைக்கப் பார்த்தார்.

அவருக்குப் போன் வர, பேசிக்கொண்டே வெளியே போனார். அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த விற்பனைப் பெண் நான் சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஊரைக் கேட்டேன்; கரியாலூர், தினமும் இரண்டு பஸ் மாறி வருவதாகச் சொன்னாள். வலது காலில் கொஞ்ச நேரம், இடது காலில் கொஞ்ச நேரமாக நின்றாள். சுற்றிலும் நாற்பது நாற்காலிகளாவது இருக்கும். ஒன்றை இழுத்துப் போட்டேன். “குந்தும்மா.”

அவள் சுவர் மூலையிலிருந்த கேமராவை அண்ணாந்து பார்த்தாள். “வாணாங்கண்ணா.”

“அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன். இன்னா பண்ணிடுவாரு?” எனக்கே புதிதான ஒரு பெரிய குரலில் சொன்னேன்.

அவளுக்குக் கோபமில்லை. நாற்காலியைத் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்து, நான் பிடித்த இடத்தைத் துணியால் துடைத்தாள். “நீங்க சொல்லிட்டு வூட்டுக்குப் பூடுவீங்கண்ணா. நாளைக்குக் காலையில நான்தான வந்து நிக்கணும்?”

வாசலில் கடைக்காரர் இன்னும் போனில் சிரித்துக்கொண்டிருந்தார். அவரைக் கடந்துதான் வெளியே வந்தேன். அந்த அம்மாள் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேனா, பழைய வழக்கத்தில் மூடிக்கொண்டேனா என்று எனக்கு நிச்சயமில்லை.