ராணி தின்ற கடைசிப் பக்கங்கள்

எந்தக் கதைப் புத்தகம் கைக்கு வந்தாலும், கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படிக்க உட்காருவேன். என் மகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். கதையின் முடிவைக் குதிரைக்குப் பறிகொடுத்தவளுக்குத்தானே அந்த வலி தெரியும்!

அப்போது நாங்கள் ராயபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். உடனே லாயம் நிறையக் குதிரைகள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே ஒரு வெள்ளைப் பெண்குதிரை. பெயர் ராணி. சந்தின் கோடியில் பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் சுவரோரம் தகரக் கூரை போட்டு அதைக் கட்டியிருந்தார். சௌகார்பேட்டை சேட்டு வீட்டுக் கல்யாணமோ, வண்ணாரப்பேட்டை பாய் வீட்டு நிக்காவோ, மாப்பிள்ளை ஏறுவது எங்கள் ராணி மேல்தான். ஊரில் உள்ள மாப்பிள்ளைகளையெல்லாம் ஏற்றி அனுப்பிய சித்தப்பா தான் மட்டும் ஏறாமலே இருந்தார். அம்மா கேட்டால், "நான் ஏறிட்டா கயித்த யாரு அண்ணி புடிக்கிறது?" என்பார்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பழைய பேப்பர் கடையிலிருந்து அப்பா எனக்கு ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அட்டை இல்லை, அதனால் பெயரும் இல்லை. ஏதோ ஒரு குளிர் தேசத்துக் கதையைத் தமிழில் எழுதியிருந்தார்கள். ஒரு சின்னப் பெண், ஒரு குதிரை. அவள் குரல் கேட்டால் அது எங்கிருந்தாலும் ஓடி வரும். அவள் காதில் சொன்னால் போதும், சொன்ன இடத்துக்குப் போகும். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கதைப் பெண்ணாவது குதிரையைப் பார்க்க மலை ஏற வேண்டும். எனக்குச் சந்துக் கோடியிலேயே ஒன்று நிற்கிறதே!

பள்ளி விட்டதும் பையைக்கூட இறக்காமல் ராணியிடம் ஓடுவேன். புத்தகத்தை அதற்கு வாசித்துக் காட்டுவேன். அந்தப் பெண் ஆப்பிள் கொடுப்பாள், நான் மார்க்கெட்டில் கழித்துப் போட்ட கேரட்டைக் கொடுப்பேன். ராணி கேரட்டைத் தின்னும், கதையைக் கேட்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதைக்கூட அசைக்காது. அம்மா இதைப் பார்த்துவிட்டு, "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசன" என்றாள். சித்தப்பாவுக்கு வந்ததே கோபம். "அண்ணி, அது குதிர!"

கடைசி அத்தியாயம் வந்தது. குதிரையை விற்றுவிட்டார்கள். வண்டி பாலத்தைத் தாண்டிப் போகிறது. அந்தப் பெண் வாசலில் நிற்கிறாள். அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனேன், ராணி கழுத்தை நீட்டி மிச்சம் இருந்த பக்கங்களை ஒரே கடியாகக் கடித்துக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் சித்தப்பா ஓடி வந்து அதன் வாய்க்குள் கையை விட்டு இழுத்தார். வந்ததெல்லாம் எச்சில் ஊறிய கூழ். "முடிவு இன்னான்னு அதுக்கு மட்டும்தான் பாப்பா தெரியும்" என்று சிரித்தார். நான் சோறு தின்னாமல் அழுதேன்.

இந்தப் பகையெல்லாம் எத்தனை நாளைக்கு? அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராணியைக் குளிப்பாட்டக் காசிமேட்டுப் பக்கம் கடலுக்குக் கூட்டிப் போனார் சித்தப்பா. நான் அதன் முதுகில். திரும்பும்போது டீக்கடையில் நின்றார். கயிற்றைக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போனார். எனக்கு இதுதான் நேரம் என்று தோன்றியது. கதையில் வருவதுபோல் குனிந்து அதன் காதில், "போ, ராணி" என்றேன்.

ராணி போனது! கழுத்தை ஒரு வெட்டு வெட்டியதில் கயிறு கழன்று, லாரிகளுக்கு நடுவே தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் பேச்சைக் கேட்டுவிட்டது என்று சத்தியமாக நம்பினேன்.

அது கேட்டது என் பேச்சை அல்ல, மேளத்தை. சித்தப்பா அதற்குப் பழக்கியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அடி காதில் விழுந்தால் மேளக்காரருக்கு முன்னால் போய் நின்று ஆட வேண்டும். அது கல்யாண மேளமா, சாவு மேளமா என்று பார்க்கச் சொல்லித்தரவில்லை. தெருமுனை திரும்பினால் பூவை வாரி இறைத்துக்கொண்டு ஒரு சாவு ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. ராணி நேராகப் போய்ப் பாடைக்கு முன்னால் நின்று, முன்னங்காலைத் தூக்கித் தூக்கி ஆட ஆரம்பித்தது. மேலே மாப்பிள்ளை மாதிரி நான்.

மேளக்காரர்கள் ஒரு கணம் திகைத்தார்கள், ஆனால் அடியை நிறுத்தவில்லை. "யாரு கொயந்த இது? எறக்குங்கப்பா!" என்று யாரோ கத்தினார். சித்தப்பா டீ கிளாஸும் கையுமாக ஓடி வந்தார். "மன்னிச்சுக்கோங்க, வாயில்லா ஜீவன், தெரியாம வந்துட்ச்சு" என்று கும்பிட்டபடியே கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

அப்போதுதான் செத்தவரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வயதான அம்மாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "வுடு நைனா. கல்யாணத்துக்குக் குதிர வெக்கிறேன்னு சொல்லிட்டு, கோயில்லேந்து வூடு வரிக்கும் நடந்தே இட்டுகினு வந்தாரு இந்த மன்சன். இப்பனாச்சும் வந்துச்சே. ஆடட்டும் வுடு" என்றாள். சொல்லிவிட்டு ராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சித்தப்பா ராணியைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார். என்னைத் தூக்கிப் பெண்கள் பக்கம் இறக்கிவிட்டார். டீ கிளாஸை என் கையில் கொடுத்தார். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுடுகாட்டு வாசல் வரைக்கும் பாடைக்கு முன்னால் நடந்தே போனார். ராணி வழியெல்லாம் ஆடியது.

நான் அந்த வாரம் முழுக்கப் பள்ளியில் பீற்றிக்கொண்டேன். என் குதிரை என் பேச்சைக் கேட்கும், காதில் சொன்னால் போதும். ஒரு நாள் பேண்டு மாஸ்டர் சித்தப்பாவைத் தேடி வந்தார். கல்யாணங்களைப் பிடித்துத் தருகிறவர் அவர்தான்.

"உன் மேல தப்பு இல்ல தோஸ்து. நானா இருந்தாலும் அத்தத்தான் செஞ்சிருப்பேன். ஆனா பொணத்துக்கு முன்னாடி ஆடுன குதிர மேல எவன் மாப்பிள்ளய ஏத்துவான், சொல்லு?"

சித்தப்பா லேசில் விடுகிறவர் இல்லை. கிலோக் கணக்கில் மருதாணி வாங்கி வந்து ராணியின் உடம்பெல்லாம் அப்பினார். வெள்ளைக் குதிரையைச் செங்குதிரையாக்கி, இது வேறு குதிரை என்று சொல்லிவிடலாம் என்பது திட்டம். கழுவிப் பார்த்தால் இங்கே கொஞ்சம் ஆரஞ்சு, அங்கே கொஞ்சம் வெள்ளை, வயிற்றில் என் கை பதிந்த ஐந்து விரல். "இன்னா ராணிக்குக் கல்யாணமா?" என்று சந்தே கூடிச் சிரித்தது. சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அது உலகத்திலேயே அழகான குதிரையாகத் தெரிந்தது. அப்புறமும் யாரும் கூப்பிடவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு சாயங்காலம், தகரக் கூரையின் கீழே ராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "அந்தக் குதிரக் கத புக்கு கீதே, அத்த எடுத்தா பாப்பா. முடிவு இன்னான்னு படி கேப்போம்."

முடிவுதான் ராணியின் வயிற்றுக்குள் போய்விட்டதே! ஆனாலும் புத்தகத்தை எடுத்து வந்து, மிஞ்சியிருந்த கடைசிப் பக்கத்தை விரித்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். ஒரு ஓரம் பூராவும் பல் தடம். இல்லாத வரிகளை விரல் வைத்துப் படித்தேன். குதிரை பாலத்தைத் தாண்டித் திரும்பி ஓடி வந்தது, அந்தப் பெண் வாசலிலேயே நின்றிருந்தாள், இருவரும் சுகமாக இருந்தார்கள்.

"வந்துட்ச்சா?"

"வந்துடுச்சு சித்தப்பா."

"அவ்ளோ தூரம், வயி எப்டித் தெரிஞ்சுதாம்?"

"அதுக்குத் தெரியும். அவ வூடாச்சே!"

கொஞ்ச நேரம் ராணியின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். "இன்னொரு வாட்டி படி" என்றார். இரண்டாம் தடவை மறந்துபோய், குதிரையை ஒரு லாரியின் பின்னால் வர வைத்துவிட்டேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சித்தப்பாவையே ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது ராணி இல்லை. தெற்கே எங்கோ கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடும் ஒருவர் வந்து ஓட்டிப் போய்விட்டார் என்று அம்மா சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். நான் அழவில்லை. சித்தப்பா வெறும் கூரையின் கீழே கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "வரும் சித்தப்பா. கதையில வந்துச்சு இல்ல?" என்றேன்.

"ஆமா பாப்பா. நீதான் படிச்சியே" என்றார்.

அந்தக் கடைசிப் பக்கங்களை ராணியின் வாய்க்குள் கைவிட்டு இழுத்தவரே அவர்தான் என்பது அன்றைக்கு எனக்கு நினைவுக்கே வரவில்லை.