திக்காமல் வாசித்த பத்தி

இரண்டு வருடங்களுக்கு முன், என் கல்யாணத்துக்கு இருபத்து மூன்று நாள் இருந்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன மாடி அறையில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

எனக்குத் திக்குவாய். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். மெஷின் இரைச்சலில் கையைக் காட்டியே வேலை ஓடிவிடும். வெளியே வந்தால்தான் பாடு. சொந்த ஊர் தேவதானம். பஸ்ஸில் 'தே' என்ற எழுத்து மாட்டிக்கொள்ளுமே என்று பயந்து, வழியில் இருக்கும் சேத்தூருக்கு டிக்கெட் எடுத்து இறங்கி, மிச்ச தூரத்தை எத்தனையோ நாள் நடந்திருக்கிறேன். சின்ன வயதில் நாக்கில் வசம்பு தேய்த்தார்கள். வாத்தியார் ஒருவர், "பயத்தை விடுலே, பேச்சு தானா வரும்" என்றார். நானும் அதையே நம்பினேன். நான் கோழை, அதனால்தான் திக்குகிறேன் என்று.

இப்படிப்பட்டவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நாங்கள் கிறிஸ்தவர்கள். மாப்பிள்ளை சபை முன்னால் நின்று மைக்கில் வாக்குறுதி சொல்ல வேண்டும். குருவானவர் ஒவ்வொரு வரியாகச் சொல்வார், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த நாலு வரிக்குப் பயந்து, ஏதேதோ காரணம் காட்டி இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட வைத்திருந்தேன்.

பெண் ஸ்ரீவில்லிபுத்தூர். மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். பெண் பார்க்கப் போன அன்று என் அத்தைதான் எனக்கும் சேர்த்துப் பேசினார். "எங்க புள்ள ரொம்ப அமைதி" என்று அவர் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் போன் செய்தால் 'ம்', 'சரி', அவ்வளவுதான். மற்றதெல்லாம் வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாக எழுதுவேன். திக்குவாய் என்பதை மட்டும் எழுதவே இல்லை.

அப்போதுதான் மில் நண்பர்கள் குழுவில் ஒரு தகவல் வந்தது. பேச்சு, கேட்டல் துறையில் படிக்கும் ஓர் ஆராய்ச்சி மாணவி, திக்கிப் பேசுகிறவர்களைத் தேடுகிறாராம். வார விடுமுறை நாள் ஒன்றின் காலையில், யாரிடமும் சொல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன்.

அந்த மாணவிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "அண்ணே, இது வைத்தியம் இல்ல. ஆராய்ச்சிதான். பிடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் எந்திரிச்சுப் போகலாம்." விரலில் நாடித்துடிப்பு பார்க்கும் கிளிப்பை மாட்டினார். ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். மழையைப் பற்றிய ஒரு பத்தி.

வாய் திறப்பதற்கு முன்பே கம்ப்யூட்டர் திரையில் கோடு எகிறியது. முதல் வார்த்தையிலேயே நின்றேன். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை மூடி, தொடையில் கையால் தட்டித் தட்டி அந்தப் பத்தியை முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. அவர் அவசரப்படுத்தவே இல்லை. தண்ணீர் கொடுத்தார்.

"இப்ப இன்னொரு தடவை. இந்த வாட்டி நானும் உங்ககூடச் சேர்ந்து வாசிப்பேன்" என்றார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம். முதல் வரி போனது. இரண்டாவது வரியும் போனது. நான் எப்போதும் விழுகிற 'த', 'ப', 'க' எல்லாவற்றின் மேலும் என் குரல் ஓடிக்கொண்டே இருந்தது. பத்தி முடிந்ததே எனக்குத் தெரியவில்லை.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். அதே பத்திதான்.

"இ... இ... இன்னொரு தடவை" என்றேன். மறுபடி வாசித்தோம். மறுபடி. ஐந்து தடவை வாசிக்க வைத்தேன் அவரை. பள்ளிக்கூடத்தில் ஒரு செய்யுளை முழுசாக ஒப்பிக்காதவன், அன்று மழையைப் பற்றிச் சத்தமாக, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். ஆறாவது தடவை நடுவில் அவர் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டார். நான்கைந்து வார்த்தை தனியாக ஓடி, திக்கி நின்றேன். இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

"ஏ... ஏன் இப்படி? எ... எனக்குப் பயம் போயிருச்சா?" என்று கேட்டேன்.

"பயத்துனால நீங்க திக்கலண்ணே. திக்கித் திக்கித்தான் உங்களுக்குப் பயமே வந்துருக்கு" என்றார். பேச்சுக்கு மூளை ஒரு தாளம் போட்டுக் கொடுக்கிறதாம். சிலருக்குப் பிறவியிலேயே அந்த வேலை கொஞ்சம் வேறு மாதிரி நடக்குமாம். கூட ஒரு குரல் வந்தால் அந்தத் தாளம் வெளியிலிருந்து கிடைத்துவிடலாம் என்று நினைக்கிறார்களாம். "முழுசா ஏன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. அதத்தான் தேடிட்டிருக்கோம்" என்றார்.

படியிறங்கி, நேராக அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு நடந்தேன். ஓடினேன் என்றே சொல்லலாம். முன்னால் இரண்டு பேர் சீட்டோடு நின்றார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "என்ன, சொல்லாம வந்துருக்கீக?"

எனக்குத் திக்கும் என்று சொன்னேன். அந்த இரண்டு வார்த்தைக்கு எவ்வளவு நேரம் ஆனதோ. வாக்குறுதிக்குப் பயந்து தேதியைத் தள்ளியது, மாடி அறையில் வாசித்தது, எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னேன். ஒரு வார்த்தையையும் அவள் முந்திக்கொண்டு முடித்து வைக்கவில்லை.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள். "காப்பி டம்ளர வாங்கிட்டு ஒரு 'தேங்க்ஸ்' சொல்ல நீங்க எம்புட்டுப் பாடுபட்டீக. நீங்களாச் சொல்லட்டும்னுதான் இருந்தேன். தேதி தள்ளுனதத்தான் தப்பா எடுத்துக்கிட்டேன். என்னப் பிடிக்கலையோன்னு."

அந்தக் கோணத்தில் நான் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. வெட்கமாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே குருவானவரைப் பார்த்து, எனக்கு முன்னால் சொல்வதற்குப் பதிலாக என்கூடவே சேர்ந்து சொல்ல முடியுமா என்று கேட்டேன். "அம்புட்டுதான தம்பி? சொல்லிட்டாப் போச்சு" என்றார்.

கல்யாணத்தன்று அவர் மைக்குக்கு எட்டாமல் மெல்லிய குரலில் தொடங்க, நானும் கூடவே தொடங்கினேன். வாழ்நாள் முழுக்க என் நாக்கில் தவறாமல் மாட்டிக்கொண்ட வார்த்தை ஒன்று உண்டென்றால் அது என் பெயர்தான். அது அன்று சுத்தமாக வந்தது. சபை நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. அடுத்தது அவள் பெயர். சரியாக அந்த இடத்தில் குருவானவருக்கு இருமல் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் நின்றுவிட்டேன். ஒலிபெருக்கியில் என் மூச்சு மட்டும் கேட்டது. பின்வரிசையில் யாரோ செருமினார்கள்.

அப்போது என் பக்கத்தில், தலை குனிந்தபடியே, அவள் தன் பெயரைத் தானே மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். அதைப் பிடித்துக்கொண்டு என் குரலும் ஏறியது. அவள் பெயரை இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். அது மைக்கில் நன்றாகவே கேட்டுவிட்டது. முன்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது, அவளும் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டேதான் மிச்ச வாக்குறுதியைச் சொல்லி முடித்தேன்.

எனக்கு இன்றும் திக்குகிறது, நாளையும் திக்கும். ஆனால் என் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒருவர் பொறுமையாக அளந்து பார்த்துச் சொன்ன அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, என்னை நானே கோழை என்று திட்டிக்கொள்வதை அடியோடு நிறுத்திவிட்டேன்.