சுற்றிலும் ஜன்னல் வைத்த வண்டி

காரில் மாட்டி இழுத்துப் போகிற வீட்டுவண்டிதான் கேரவன். டோரீன் ஸ்டாதர்ஸ் ஒன்றுக்குள் ஏறினால், முதல் வேலையாகக் காலணியைக் கழற்றிவிட்டுப் படுக்கையில் மல்லாந்துவிடுவாள். விற்பனைக்கு நிற்கிற வண்டி, முன்பின் தெரியாதவர் வாசல் என்ற கூச்சமெல்லாம் கிடையாது. படுத்துப் பார்க்காமல் கேரவன் வாங்குவதும் மோந்து பார்க்காமல் மீன் வாங்குவதும் ஒன்று என்பாள். மீனைப் பற்றி இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் அவளிடம் வாதாட ஆள் கிடையாது.

பதினைந்து வயதில் ஹெஸ்ஸில் சாலையில் இருந்த மீன் தொழிற்சாலைக்குப் போனாள். ஹாடாக் மீனை அறுத்து, முள்ளெடுத்து, பெட்டியில் அடுக்குகிற வேலை. அந்தக் கூடத்தில் ஜன்னலே இல்லை. குளிர் வெளியே போகக் கூடாது, ஈ உள்ளே வரக் கூடாது. அதனால் நாலு பக்கமும் சுவர்தான். குளிர்காலத்தில் விடியுமுன் உள்ளே போய் இருட்டியபின் வெளியே வருவாள். வீட்டுக்கு வந்து அடுப்படி ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் செங்கல்.

கை தன்பாட்டுக்கு மீனை அறுக்கும். மனம் ஒரு படுக்கையில் கிடக்கும். படுக்கையை ஒட்டி ஜன்னல், அதற்கு அப்பால் தண்ணீர்.

"தூங்காதடி, உன் விரலும் பெட்டிக்குள்ள போயிடப் போவுது" என்று பக்கத்து மேசைக்காரி அதட்டுவாள்.

வீட்டு ஜன்னல் அவளுக்குப் போதாது. எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது தினமும் ஒரே ஊரைத்தான் காட்டும். காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போய், பிடித்த இடத்தில் நிறுத்திப் படுத்து, காலையில் கண் திறந்தால் வேறு ஊரைக் காட்டுகிற ஜன்னல்தான் அவளுக்கு வேண்டும்.

கட்டிக்கொண்டது கேரவன் செய்கிறவனை. நெவில் இருந்தது ஜன்னல் பிரிவு. அலுமினியச் சுவரில் அளந்து சதுரம் வெட்டி, விளிம்பில் பசைப்பட்டை ஒட்டி, ஜன்னலை ஏற்றி முடுக்குவான். உனக்கென்ன குறைச்சல், சீக்கிரமே ஒன்று வாசலில் வந்து நிற்கும் என்றார்கள் மீன்காரப் பெண்கள். நெவிலுக்கு வேலையிலிருந்து ஓய்வு வந்தது. கேரவன் வரவில்லை.

"ஜன்னல்னா என்ன? ஓட்டை" என்பான். "காலம் பூரா ஓட்டை போட்டவன் சொல்றேன். பசை காயும், சுருங்கும். மழைத்தண்ணி உள்ள இறங்கும். சுவருக்குள்ள இருக்கிற மரச்சட்டம் டீயில நனைச்ச பிஸ்கட்டா ஆயிடும். வெளியில பாத்தா பளபளன்னு இருக்கும்."

"அப்போ ஜன்னலே இல்லாத வண்டியா பாரு."

"அதுக்குப் பேரு குதிரை ஏத்துற வண்டி."

"அந்தக் குதிரைக்குக்கூட எட்டிப் பாக்க ஓட்டை வெச்சிருக்கான், நெவ். குதிரையைக் கட்டிக்கிட்டவ குடுத்து வெச்சவ."

இருந்தாலும் சனிக்கிழமை தவறாமல் வண்டி பார்க்கப் போனார்கள். பெவர்லி, டிரிஃபீல்ட், கூல் என்று சுற்றாத ஊரில்லை. அவன் பையில் டார்ச், ரசமட்டம், சிறு கண்ணாடி, இரண்டு ஊசி நீட்டிய ஈரமானி. அவள் பையில் டீ பிளாஸ்க், முட்டை சாண்ட்விச், தலையணை. அவன் முட்டிபோட்டு, அலமாரிகளுக்குள் தலையை விட்டு, மூலைமூலையாக ஊசியைக் குத்தி ஈரம் பார்ப்பான். தரையில் குதிகாலால் அழுத்தி நடப்பான். எங்காவது மெத்தென்று அமுங்கினால் முகம் மாறும். டயரில் அது செய்த வாரமும் வருடமும் இருக்கிறதா, ஜன்னல்களில் பொறித்திருக்கிற எண் அடிச்சட்டத்தில் இருக்கிற எண்தானா, திருட்டு வண்டி இல்லையே என்று சரிபார்ப்பான். அவள் படுத்திருப்பாள்.

"இப்போ எங்க இருக்கோம்?" என்று அடுப்புக்கடியிலிருந்து குரல் வரும்.

"ஏரிக்கரை. ஒரு கொக்கு ஒத்தைக்கால்ல நிக்குது. பேசாதே, பறந்துடும்."

வெளியே பழைய டயர்கள் குவிந்திருக்கும். அவளுக்குக் கொக்குதான் தெரியும். வண்டி பிடிக்கவில்லையென்றால் அவன் வந்து அவள் கால்மாட்டில் தட்டுவான். எழுந்து காலணியை மாட்டிக்கொள்வாள். அப்படி அவள் படுத்து எழுந்த ஏரிகள், மலைகள், கடல்கள் எத்தனை என்று தெரியாது. அந்த வருடங்களில் அவள் மகிழ்ச்சியாகவே இருந்தாள்.

படுத்துப் படுத்தே அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதும் தெளிந்தது. அவர்கள் கார் சிறியது. நீள வண்டியை இழுக்காது. நெவிலுக்கு முட்டி வலி. மூலையில் மாட்டிய கட்டில் என்றால் ராத்திரி எழும்போதெல்லாம் அவளைத் தாண்டியாக வேண்டும். முன்பக்கம் எதிரெதிரே இரண்டு நீள இருக்கை, ராத்திரி நடுவில் பலகையை இழுத்துப் போட்டால் அகலக் கட்டில், பின்பக்கம் குளியலறை. இருவர் வண்டி. இதில் சண்டையே இல்லை. சண்டை ஜன்னலில்தான்.

ஒரு சனிக்கிழமை, பெவர்லியில் ஒரு விற்பனை முற்றம். நெவிலே தலையாட்டிய புதுசு போன்ற வண்டி. டோரீன் படுத்து ஜன்னலைப் பார்த்தாள்.

"நெவ், இதைப் போட்டவன் குடிச்சிட்டுப் போட்டிருக்கான்."

"எதை?"

"இந்த ஜன்னலை. சட்டம் நடுவுல வளைஞ்சிருக்கு பாரு."

ஜன்னலைக் குறை சொன்னால் நெவிலுக்குத் தன்னைச் சொன்ன மாதிரி. ரசமட்டத்தை எடுத்துச் சட்டத்தில் வைத்தான். குமிழ் நடுவில் நின்றது.

"நேராத்தான் இருக்கு."

"அந்தப் பக்கம்?"

வைத்தான். நேராகத்தான் இருந்தது. டோரீன் வலது கண்ணை மூடிப் பார்த்தாள். ஜன்னல் நேரானது. இடது கண்ணை மூடினாள். சட்டம் நீரில் விட்ட கயிறு போல நெளிந்தது.

"எல்லாமே வளைஞ்சிருக்கு, நெவ். உன் மூக்குகூட."

"அது கல்யாணத்தப்பவே அப்படித்தான்" என்றான். ஆனால் ரசமட்டத்தைச் சட்டத்திலிருந்து எடுக்கவே இல்லை.

பின்னாளில் இதைச் சொல்லும்போதெல்லாம் டோரீன் இந்த இடத்தில் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

கண் மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. வலது கண்ணில் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. இடது கண்ணும் அதே வழியில் போகும். மாதமொரு ஊசி போட்டால் வேகத்தைக் குறைக்கலாம். நிறுத்திவிடலாம் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஊசியைக் கண்ணுக்குள்ளேயே போடுவார்கள்.

"மீனுக்கு நான் செஞ்சதெல்லாம் இப்போ எனக்குத் திரும்புது" என்றாள் தாதியிடம்.

குளிர்காலம் முடிவதற்குள் இடது கண்ணிலும் ஒரு சாம்பல் திட்டு வந்துவிட்டது. நெவிலைப் பார்த்தால் காது தெரிந்தது, தோள் தெரிந்தது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனிமூட்டம். ஒரு நாள் ஊசி போட்டுக்கொண்டு காரில் திரும்பும்போது சொன்னாள்.

"எனக்கு ஜன்னல் வேணும். இந்தக் கோடைக்கே. அடுத்த கோடைன்னு சொல்லாதே."

"சரி கண்ணு" என்றான் நெவில்.

அவன் அப்படிச் சொன்னது மனதார. ஆனால் அதன் பிறகு அவன் வண்டி பார்த்த விதம்தான் வேறு. ஒரே ஒரு தடவை வாங்கப்போகிறோம், அதில் தப்பு வரக் கூடாது என்று இரண்டு மடங்கு நுணுக்கமாகப் பார்த்தான். ஒன்றில் ஈரமானி பதினெட்டு காட்டியது, வேண்டாம் என்றான். ஒன்றில் ஜன்னலில் இருந்த எண் வேறு வண்டியுடையது. ஒன்றில் தரை அமுங்கியது. ஒவ்வொரு தடவையும் அவன் சொன்னது சரி. டோரீனுக்கு அதுதான் தாங்கவில்லை. மார்ச் போனது, ஏப்ரல் போனது. படுக்கையில் படுத்துப் பெரிய ஜன்னலைப் பார்த்தால் சாம்பல் திட்டு சரியாக அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அவன் எங்கே இருக்கிறோம் என்று கேட்பதை விட்டுவிட்டான்.

மே மாதம் ஹார்ன்ஸீயில் ஹேசல் என்பவள் வீட்டு வாசலில் ஒரு வண்டி நின்றது. நல்ல மழை. மழையில் பார்த்தால்தான் ஒழுகல் தெரியும் என்று நெவில் வேண்டுமென்றே அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தான்.

"என் வீட்டுக்காரருக்கு இனிமே ஸ்பெயின்தானாம், விமானத்துலதானாம்" என்றாள் ஹேசல், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. "போய்ப் பாருங்க கண்ணு. கட்டில் போட்டே வெச்சிருக்கேன். டீ கொண்டு வரேன்."

டோரீன் படியைக் காலால் தடவி ஏறினாள். காலணியைக் கழற்றினாள். படுத்தாள்.

தலைமாட்டில் மூன்று ஜன்னல். அது போக, இடது பக்கம் நீளமாக ஒன்று, வலது பக்கம் அதே நீளத்தில் ஒன்று, மேலே கூரையில் ஒன்று. நேராக மேலே பார்த்தாள். நடுவில் வழக்கமான சாம்பல். ஆனால் அதைச் சுற்றி எல்லாப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வந்தது. இடது ஓரத்தில் ஈரமான வேலி. வலது ஓரத்தில் ஒரு மரம், அதற்குப் பின்னால் கோடு போட்டது போலக் கடல். தலைக்கு மேல் விளிம்பில் மேகம் ஓடிக்கொண்டிருந்தது. எதையும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பார்வையில் மிச்சமிருந்த விளிம்பெல்லாம் ஜன்னலாக இருந்தது. கூரையில் விழுந்த மழை அவள் மேலேயே விழுகிற மாதிரி கேட்டது. தன் உடம்பு எங்கே முடிகிறது, வண்டி எங்கே தொடங்குகிறது என்று கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை.

"நெவ்" என்றாள் மெதுவாக. "இதுதான்."

அவன் அந்த நேரம் முன்பக்க வலது மூலையில் முட்டிபோட்டிருந்தான். ஈரமானி கீச்சென்று கத்தியது.

"இருபத்து நாலு" என்றான். "டோரீன், இருபத்து நாலு. ஜன்னலுக்குக் கீழ சுவர் ஊறிக் கிடக்கு."

"இருக்கட்டும்."

"இருக்கட்டுமா? ஜன்னலைக் கழட்டி, சட்டத்தை மாத்தி, காயவெச்சு... மூணு மாசமாவது ஆகும்."

"கோடை போயிடும்."

"அப்போ வேற பாப்போம்."

"மாட்டேன்."

அவன் எழுந்து நின்றான். முகம் தெரியவில்லை, நிற்கிற விதத்திலிருந்தே அவளுக்கு முகம் தெரிந்தது.

"இதை அப்படியே விட்டா மூணு வருஷத்துல இந்த மூலை கையோட வந்துடும்" என்றான். "நான் பொய் சொல்லல."

"நீ எப்போ பொய் சொன்னே? சுவர் முந்துதா, என் கண்ணு முந்துதான்னு பாப்போம். எது முந்தினாலும் நமக்கு அதுவரைக்கும் இருக்கு."

அவன் ஈரமானியை அணைத்துப் பையில் போட்டான். மழை பெய்தது.

"அதுக்குள்ள போய்ட்டு வர ஊரைச் சொல்லட்டுமா?" என்றாள். "ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவுல போயிட்டு வந்துடலாம். மொதல்ல நார்தம்பர்லாந்து கடற்கரை. ஆனா ஒண்ணு. போன இடத்துல நீ அந்த மூலையைக் குத்திக் குத்திப் பாத்துட்டு இருந்தே, கடல்ல தள்ளிடுவேன்."

"ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட."

"தொட்டாவது பாக்கலாமா?"

"நெவில் ஸ்டாதர்ஸ். இங்க வா. வந்து படு."

அவன் படுத்ததே இல்லை. இத்தனை வருடங்களில், இத்தனை வண்டிகளில், ஒன்றில்கூட அவன் முதுகு மெத்தையில் பட்டதில்லை. மழைக்கோட்டைக் கழற்றி மடித்து வைத்தான். காலணியோடு படுக்கப் போனவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதையும் கழற்றினான். முட்டி முறுமுறுக்க, மெதுவாகச் சாய்ந்தான். கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்தது.

கூரை ஜன்னலில் அவன் கண் நின்றது. பிறகு அவன் சொன்னான், சொல்லும்போதே கோபம் போலக் கேட்டது.

"கீழேர்ந்து பாத்தா இவ்வளவு வானமா தெரியும்? தெரிஞ்சிருந்தா இன்னும் பெரிசா வெட்டியிருப்பேனே."

"வாங்கிக்கலாமா?"

"வாங்கிக்கலாம்" என்றான் நெவில். "அவ கிட்ட ஈரத்தைச் சொல்லித்தான் வாங்கணும். நாளைக்கு நாம மறைச்சோம்னு இருக்கக் கூடாது." சொல்லி முடிக்குமுன் அவன் குரல் குழறியது. வாரக்கணக்காகச் சரியாகத் தூங்காதவன். மழைச் சத்தம் அவனைத் தூக்கத்துக்குள் இழுத்துக்கொண்டு போனது.

ஹேசல் இரண்டு கோப்பைகளோடு கதவைத் தள்ளினாள். இரண்டு ஜோடிக் கால்கள், நான்கு காலுறைகள், அதில் ஒன்றில் ஓட்டை.

"வாங்குறீங்களா, இல்ல ராத்திரி தங்குறீங்களா கண்ணு?"

"வாங்குறோம்" என்றாள் டோரீன். "ஆனா சத்தம் போடாதீங்க. தூங்குறான்."

ஹேசல் கோப்பைகளை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாள். டோரீன் அசையாமல் கிடந்தாள். இடது ஜன்னலின் ஓரத்தில் ஒரு கடற்காகம் மழையில் மெதுவாக வந்தது. கூரை ஜன்னலுக்கு வந்து, அவள் பார்வையின் நடுவில் இருந்த சாம்பலுக்குள் நுழைந்து மறைந்தது. அவள் காத்திருந்தாள். அது மறுபக்கம் வலது ஜன்னலில் வெளியே வந்து கடலைப் பார்த்துப் போனது.