முயல் அறையில் சாம்பிராணி

தேதியோடு சொல்லாவிட்டால் எனக்கு எதுவும் நடந்த மாதிரியே இருக்காது. இது தை இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கல். மருத்துவக் கல்லூரிக்கு விடுமுறை, அங்கே நாங்கள் ஆய்வுக்கு வைத்திருந்த முயல்களுக்குக் கிடையாது. கருவடிக்குப்பத்திலிருந்து வண்டியில் கிளம்பினேன். வழியெல்லாம் சாம்பிராணி மணந்தது. கல்லூரியின் ஆய்வு விலங்குக்கூட வாசலில் முகக்கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். அங்கே நான் டெக்னீஷியன்.

அப்போது நடந்துகொண்டிருந்தது, காது மூக்கு தொண்டைப் பிரிவில் மேற்படிப்புப் படிக்கும் டாக்டரம்மாவின் ஆய்வு. வென்டிலேட்டரில் நெடுநாள் கிடந்து பிழைத்தவர்களில் சிலருக்கு, குழாய் அழுத்திய இடத்தில் மூச்சுக்குழல் தழும்பேறிச் சுருங்கிவிடும். உயிர் பிழைத்தும் நாலு படி ஏற முடியாது. அந்தத் தழும்பைத் தடுக்க ஒரு மருந்து உதவுமா என்பதுதான் கேள்வி. முயலை மயக்கி, மூச்சுக்குழலின் உட்சுவரைச் சின்ன பிரஷால் உரசுவோம். சிலவற்றுக்கு மருந்து, சிலவற்றுக்கு வெறும் உப்புநீர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலவற்றைக் காயப்படுத்தாமலே வைத்திருந்தோம். மூச்சில் விசில் கேட்டு விலாவும் உள்வாங்கினால், அந்த முயலைத் திணற விடக் கூடாது. ஊசி போட்டு வலியில்லாமல் முடித்துவிட வேண்டும். அது விதி.

டாக்டரம்மா எனக்கு முன்பே வந்து, ஒரு முயலை மடியில் வைத்திருந்தார். மருந்து பெற்றவற்றில் நன்றாகத் தேறிவந்தது அதுதான்.

"கேளுங்க" என்றார்.

விசில் கேட்டது. விலாவும் உள்ளே போய் வந்தது.

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு மேடம்?"

"அதான் எனக்கும் புரியல. ஆனா இதுக்கு மேல இதக் கஷ்டப்படுத்தக் கூடாது."

ஊசியில் மருந்தை ஏற்றினார். அப்போது கடைசிக் கூண்டில் ஒரு தும்மல். தொடர்ந்து இன்னொன்று.

டாக்டரம்மா நிமிர்ந்தார். "அதுக்கு நம்ம பிரஷே போடலையே." முகக்கவசத்தை இறக்கி மோந்து பார்த்தவர், ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். "அண்ணா, இங்க கொஞ்சம் வாங்க."

முயல்களைப் பராமரிப்பவர் பின்கட்டிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தார். திருக்கனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். விடிவதற்குள் வீட்டு மாடுகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்திருந்தார்.

"சாம்பிராணி போட்டீங்களா?"

"ஆமாம்மா. மாட்டுக்குச் செஞ்சுட்டு இதுங்கள வுட்டா எப்படி? பொட்டுதான் வைக்கல, நக்கிடும்னு வுட்டுட்டேன்."

"மூச்சுக்குழல் ஆராய்ச்சி நடக்கிற ரூமாப் பாத்துப் புகை போட்டிருக்கீங்களேண்ணே" என்றேன்.

"எந்தெந்தக் கூண்டுக்குக் காட்டுனீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். குரல் இறுகியிருந்தது. மருந்து பெற்றவற்றுக்கு மட்டும் காட்டியிருந்தால் ஒப்பீடே கெட்டுவிடும்.

"எல்லாத்துக்கும்தாம்மா. ஒண்ணுக்குக் காட்டி ஒண்ணுக்குக் காட்டாம வுட்டா நல்லாவா இருக்கும்?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் ஜன்னல்களைத் திறந்து, காற்றாடியைப் போட்டேன். மடியில் இருந்த முயலுக்கு ஆக்சிஜன் பிடித்தோம். அண்ணனுக்கு அப்போதுதான் தட்டில் இருந்த ஊசி கண்ணில் பட்டது. கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"செத்துடுமாம்மா?"

"பாக்கலாம்ணா."

மதியத்துக்குள் விசில் மெலிந்தது. விலா அடங்கியது. ஆனால் உள்ளே தழும்பு இல்லை என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மறுநாள் டாக்டரம்மா அதை லேசாக மயக்கி, மூச்சுக்குழலுக்குள் ஸ்கோப்பை விட்டுப் பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பினார். சுவர் கொஞ்சம் சிவந்திருந்தது. உரசிய இடத்தில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. பாதை திறந்தே இருந்தது.

முயல் மயக்கம் தெளியும்வரை மூவரும் காத்திருந்தோம்.

"இத மேல சொல்லணும்ணா. ஆய்வுலயும் எழுதணும்" என்றார் டாக்டரம்மா.

"எம் பேரு வருமாம்மா?"

"உங்க பேரு வராது. புகை மட்டும் வரும்."

அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். முயல் முதலில் மூக்கை அசைத்தது. பிறகு எழுந்து, தள்ளாடி நின்று, வெகுநேரம் யோசித்த பின் ஒரு புல்லை இழுத்து மென்றது. நான் காதை வைத்துக் கேட்டேன். மெல்லும் சத்தம் மட்டும்தான் இருந்தது.