நாங்கள் செய்த மொழிகளில் ‘வா’

வாசகரே, உங்களைச் சாட்சியாக நிறுத்தியே இதைத் தொடங்குகிறேன். நான் கூறப்போகும் மூன்று மொழிகளை அறிந்தவர் உலகில் மூவரே. அவருள் இருவர் இன்று கடலுக்கு அப்பால். என்னை மறுக்கவோ வழிமொழியவோ இங்கே எவருமில்லை.

இரண்டாயிரம் பிறந்த புதிது. புதுச்சேரியிலிருந்து காலாப்பட்டுப் பல்கலைக்கழக வளாகத்துக்கு நானும் என் நண்பனும் ஒரே பேருந்தில் படிக்கப் போனோம். அவனுடையது பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பம். அவன் அம்மா “வா” என்றால், அழைக்கிறாரா அனுப்புகிறாரா என்பதை முகம் பார்த்துத்தான் அறியவேண்டும். பிரெஞ்சில் அவ்வொலிக்குப் ‘போ’ என்று பொருள். அந்த வியப்பில், அவனும் அவன் தங்கையும் நானும் கடற்கரைச் சாலையில் அமர்ந்து ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம்: ஆளுக்கொரு மொழி செய்வது, எல்லாவற்றிலும் ‘வா’ இருக்கவேண்டும், பொருள் அவரவர் விருப்பம்.

என் மொழியில் எட்டு வேற்றுமைகளும் இருந்தன. அதில் ‘வா’ என்றால் ‘வெற்றி நமதே’. பிளஸ் டூ படித்த தங்கையின் மொழியிலோ ‘போதும், மைக்கைக் கீழே வை’. பட்டிமன்றப் பேச்சாளனான நான் குரலை உயர்த்தினாலே, “அண்ணே, வா” என்பாள். நேரம் முடிந்ததென்று நடுவர் மணியடித்ததுபோல் இருக்கும்.

நண்பனின் மொழிக்கு இலக்கணமே கிடையாது. காலையில் கூட்டத்துக்கு முன் ஓடி, பேருந்தின் சன்னல் வழியே கைக்குட்டை எறிந்து இடம்போடுவது என் வேலை. தூரத்தில் நிதானமாக நடந்து வருவது அவன் வழக்கம். ஆகவே அவன் மொழியில் ‘வா’ என்றால் ‘எனக்கும் ஓர் இடம் போட்டு வை’.

படிப்பு முடிந்ததும் அந்தக் குடும்பம் பாரிசில் குடியேற முடிவுசெய்தது. திரும்பி வருவானா என்று நான் கேட்கவில்லை. கேளாமலே அவன் சொல்லவேண்டும் என்று புறப்படும் நாள்வரை காத்திருந்தேன்.

விமான நிலையத்துக்குச் செல்லும் வேன் வாசலில் நின்றது. எல்லோரும் ஏறியபின், அவன் அம்மா பழக்கதோஷத்தில் ஓட்டுநரிடம், “வா, வா” என்றார். அவர் பொறுப்பாக இறங்கிவந்து, “இன்னும் பெட்டி இருக்காம்மா?” என்று கேட்டார். அழுதுகொண்டிருந்த தங்கை சிரித்துவிட்டாள்.

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வழியனுப்பு உரையைத் தொடங்கினேன். அவள் நிறுத்துவாள் என்று பார்த்தேன். அவள் நிறுத்தவில்லை. அதனால்தான் இரண்டாம் வாக்கியத்தோடு நானே உரையை முடித்துக்கொண்டேன்.

வேன் நகர்ந்தது. நண்பன் சன்னலில் தலைநீட்டி, “வா” என்றான்.

எந்த மொழியில்? தமிழென்றால் நானும் பாரிசு போகவேண்டும். பிரெஞ்சென்றால் வீட்டுக்குப் போகவேண்டும். நான் திகைத்து நிற்பதைக் கண்டவன், தன் கைக்குட்டையைச் சுருட்டி என்மீது எறிந்தான். மார்பில் பட்டு விழுந்ததை எடுத்து நிமிர்வதற்குள் வேன் தெருமுனை திரும்பிவிட்டது.

ஆளில்லாத தெருவில், மேடைக்குரலே வராமல், உரக்கச் சொன்னேன்:

“போட்டு வைக்கிறேன்டா. நீ வர்ற வரைக்கும் வேற யாரையும் உக்கார விடமாட்டேன்.”