மணிவேல் நடத்தாத பாடம்

திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலை கிராமத்து மணிவேல் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனாலும் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பேராசிரியர். கல்லூரிக்கு மூன்று சக்கரம், மஞ்சள் கூரை. அந்த ஆட்டோவில் ஏறும் வெளிநாட்டுக்காரர் யாராயினும், செருப்பை எங்கே விடுவது, எந்தக் கையால் வாங்குவது என்பதில் தேறிய பிறகே இறங்க முடியும்.

அவருடைய தலைசிறந்த மாணவர் டென்மார்க்கிலிருந்து வந்து டவுனில் தங்கியிருந்த ஹென்ரிக். வயது அறுபத்தைந்து. ஒருநாள் அவர் "போறேன்" என்று இறங்க, மணிவேல் வண்டியை அணைத்துவிட்டார்.

"போறேன்னு சொல்லக் கூடாது சார். போயிட்டு வரேன்னு சொல்லணும்."

"எங்க போனாலும்?"

"எங்க போனாலும்தான்."

அன்றிலிருந்து ஹென்ரிக், பல் பிடுங்கிய மருத்துவரிடம்கூட அப்படிச் சொல்லிவிட்டே கிளம்பினார்.

சென்ற தை மாதம் மணிவேலின் மனைவி சந்திரகலா இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை, அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான். துக்கத்துக்கு ஹென்ரிக் வருகிறார் என்றதும் மைத்துனர் திருமலை முகம் சுளித்தார்.

"அந்தாளு எதுக்கு மாமா? ஏதாவது எசகுபிசகா பண்ணிடுவான். ஊரே சிரிக்கும்."

"என்கிட்ட படிச்சவருடா. தப்பு பண்ண மாட்டாரு."

ஹென்ரிக் வந்தார். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. மாலையைச் சந்திரகலாவின் காலடியில் வைத்துவிட்டு ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். தேர்வுக் கண்காணிப்பாளரைப் போல நின்ற திருமலைக்கே குறை ஒன்றும் அகப்படவில்லை. அரைமணி கழித்து எழுந்து, மேளம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து, மணிவேலிடம் தெளிவாகச் சொன்னார்:

"போயிட்டு வரேன்."

சாவு வீட்டில் யாரும் சொல்லாத சொல். வந்தவர்கள் சொல்லாமல்தான் எழுந்து போவார்கள். பெண்கள் பக்கம் அழுகைகூட நின்றுவிட்டது.

"சொன்னேன்ல மாமா?" என்று பல்லைக் கடித்தார் திருமலை.

காலையிலிருந்து நூறு பேர் வந்து, வாய் திறக்காமல் போயிருந்தார்கள். மணிவேல் தன் மாணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்," என்றார். அதுவும் அங்கே சொல்லக் கூடாததுதான்.

மூன்றாம் நாள் பால் தெளித்ததும் சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள், திருமலையும்தான். நான்காம் நாள் காலை ஹென்ரிக் இட்லிப் பொட்டலத்தோடு வந்து நின்றார். இருவரும் சாப்பிட்டார்கள். மறுபடி "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார்.

கருமாதிக்கு வந்த திருமலை விடவில்லை. "இனிமேலாவது அந்தாளுக்கு சொல்லிக் குடுங்க மாமா."

"சொல்றேன், சொல்றேன்."

பேராசிரியர் இன்றுவரை சொல்லவில்லை.