இருபது நிமிடப் பாட்டு

திண்டிவனத்தில் மைக் செட் வாடகைக்கு விடும் தேவநாதன் தனிக்கட்டை. ப்ராக்ரசிவ் ராக் என்ற மேல்நாட்டு இசை என்றால் அவருக்கு உயிர். எழுபதுகளில் அந்த இருபது நிமிடப் பாட்டுகளுக்கு வெளிநாட்டு மைதானங்கள் நிரம்பி வழிந்தன. திண்டிவனத்தில் அவர் ஒருவர்தான் மொத்தக் கூட்டமும். ஒரு பாட்டையாவது கூட இருந்து முடிவுவரை கேட்க ஆள் தேடினார். சொந்தக்காரர்கள் மூன்றாம் நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். ஒருமுறை பக்கத்தில் கட்டியிருந்த எருமையே கயிற்றை அறுத்துக்கொண்டு போனது.

போன அமாவாசையன்று மேல்மலையனூர் அம்மன் கோயிலில் ஸ்பீக்கரைச் சோதிக்க அப்படியொரு பாட்டையே போட்டார். டிரம்ஸ் சூடுபிடித்ததும், எலுமிச்சம்பழம் விற்கும் குப்பம்மாளுக்குச் சாமி வந்துவிட்டது.

"யோவ், நிறுத்துய்யா!" என்றார் பூசாரி.

"சாமி ஆடிக்கினு இருக்குது, எப்படிங்க நிறுத்தறது?"

பாட்டு முடியும்வரை அவள் ஆடினாள். தேவநாதன் ஓடிப்போய்க் கேட்டார்: "பாட்டு எப்படிம்மா இருந்துச்சு?"

"பாட்டா? நான் எங்கங்க கேட்டேன்? ஆத்தாதான் கேட்டிருக்கும்."